முதலில் உடம்பு, பிறகு ஓட்டம், கடைசியில் வேகம்: பழைய இன்ஜின் படகு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு

 

வாடைக்காற்று தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கடலுக்குப் போக முடியாத அந்த நாட்களில்தான் நம் கரையில் படகுகளை மேலே ஏற்றி வேலை பார்க்கிறார்கள். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் படகு வேலைக்குக் கர்ளன் ஹஸனா கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு விண்ணப்பங்கள் வரும். பெரும்பாலானவற்றில் ஒரே கோரிக்கைதான் இருக்கும்: "இன்ஜின் பழசாகிவிட்டது. கொஞ்சம் பெரிய இன்ஜினாகப் போட வேண்டும்."

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு விண்ணப்பத்தை நாங்கள் தயங்காமல் ஏற்றுக்கொண்டோம். பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்த பைபர் வல்லம் அது. வேறு ஊரில் ஒரு படகிலிருந்து கழற்றிய, ஏறக்குறைய இரண்டு மடங்கு குதிரைத்திறன் உள்ள இன்ஜின் மலிவாகக் கிடைத்தது. நாங்களும் போய்ப் பார்த்தோம். ஓட்டிக் காட்டினார்கள், சத்தம் நன்றாகவே இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். படகை யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான்காவது மாதத்தில் ஓர் இரவு, கரையிலிருந்து வெகுதூரத்தில் அந்தப் படகில் தண்ணீர் ஏறியது. இன்ஜின் உட்கார்ந்திருந்த மரம் பைபருக்கு உள்ளேயே இற்றுப்போயிருக்கிறது. புதிய இன்ஜினின் கனத்தையும் அதிர்வையும் அது தாங்கவில்லை. போல்ட்டுகள் தளர்ந்து, ஷாப்ட் விலகி, அது வெளியே போகும் வாயில் வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேரும் விடியும்வரை வாளியால் இறைத்திருக்கிறார்கள். காலையில் வேறொரு படகு கண்டு இழுத்துவந்தது. அல்ஹம்துலில்லாஹ், மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்தச் சகோதரர் இப்போது இன்னொருவர் படகில் கூலிக்குப் போகிறார். இன்ஜின் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. தவணையை மட்டும் மாதம் தவறாமல் கொண்டுவந்து தருகிறார்.

அவர் தவணையோடு அலுவலகப் படியேறும்போதெல்லாம் எங்களுக்குத் தலை நிமிர்வதில்லை. எதைப் பார்த்துவிட்டுக் கடன் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளாமல் கொடுத்தது எங்கள் தவறு. அதன் பிறகு அனுபவமுள்ள படகுக்காரர்கள், மெக்கானிக்குகள், பைபர் வேலை செய்பவர்கள் ஆகியோரோடு உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். இதைப் படகு ஓட்டுபவர் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும். நகையை அடகு வைக்கக் கழற்றிக் கொடுப்பவர்கள் அவர்கள்தானே!

படகு வைத்திருப்பவருக்கு உதவலாமா?

ஜமாஅத்தில் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு: "படகே வைத்திருக்கிறார், அவருக்கு எதற்கு உதவி?" வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஹிள்ர் (அலை) அவர்கள் ஒரு படகைப் பழுதாக்கிய சம்பவம் நாம் அறிந்ததே. படகுகளைப் பறித்துக்கொள்ளும் அரசனிடமிருந்து அதைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள். அந்தப் படகுக்குச் சொந்தக்காரர்களை, கடலில் உழைத்துவந்த மிஸ்கீன்கள் என்றே அல்லாஹ் குறிப்பிடுகிறான். தொழில் கருவி ஒன்று கையில் இருப்பதாலேயே ஒருவர் ஏழை இல்லை என்று ஆகிவிடாது என்பதற்கு ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஒரு குடும்பத்தின் படகைக் காப்பாற்றிக் கொடுப்பது அந்தக் குடும்பம் நாளைக்குக் கை நீட்டாமல் காப்பதாகும். ஆனால் உதவி சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

1. முதலில் படகின் உடம்பு

நாம் பேசுவது நடுவில் இன்ஜின் பெட்டியும் சுற்றிலும் திறந்த தளமும் உள்ள, உள்ளே டீசல் இன்ஜின் பொருத்திய பைபர் படகுகளைப் பற்றி. பைபர் மரம்போல வெளியே தெரிய இற்றுப்போகாது. அதனால் அதற்கு வயதே ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். பைபருக்கு உள்ளே மரம் இருக்கிறது என்பது மறந்துபோகிறது. இன்ஜின் பெட், தளத்தைத் தாங்கும் சட்டங்கள், பின்பலகை ஆகியவற்றில் பிளைவுட்டையோ மரத்தையோ வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். ஒரு போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் போதும், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் சேறாகிவிடும்.

சோதிப்பது எளிது. படகை ஏற்றி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்ற சத்தம் வரும். பைபர் அடுக்குகள் பிரிந்த இடத்திலும் உள்ளே மரம் இற்ற இடத்திலும் 'டொப்' என்று மந்தமாக வரும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இன்ஜின் போல்ட் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் மெல்லிய துளைக்கருவியை விட்டு எடுங்கள். வரும் தூள் வெளிர் நிறமாகவும் உலர்ந்தும் இருந்தால் நல்லது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் மரம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் மேலே ஒரு பைபர் அடுக்கு போட்டு மூடுவது வேலையாகாது. பைபரை வெட்டித் திறந்து, இற்ற மரம் முழுவதையும் எடுத்து, உள்ளே நன்றாகக் காயவைத்து, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டை வைத்து மறுபடி போர்த்த வேண்டும். போல்ட் ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளைத்தால் இனித் தண்ணீர் மரத்தைத் தொடாது.

வெடிப்புக்கு ஒட்டுப் போடும்போது இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, பெயிண்ட், எண்ணெய், உப்பு எல்லாம் போகச் சுத்தமான கண்ணாடி இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். பழைய பாலியஸ்டர் பைபர்மீது புது ரெசின் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். இரண்டாவது, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப்போல் 12 மடங்கு அகலம் என்பது நல்ல கணக்கு. 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் சரிவு. சிறிய ஒட்டு அழகாகத் தெரியும், ஆனால் அலை அடித்தால் பெயர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: ரெசினுக்கு ஊற்றும் கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். அது வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டில்களையும் தனித்தனியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

2. தண்ணீர் புகும் வாசல்கள்

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் ஓர் அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 45 லிட்டர் தண்ணீர் உள்ளே வரும். நம் வீட்டுக் குடத்தில் மூன்று குடம். ஒரு மணி நேரத்தில் இரண்டரை டன்னுக்கு மேல். எந்த மனிதனும் இந்த வேகத்தில் நீண்ட நேரம் இறைக்க முடியாது. பழைய படகு பெரும்பாலும் புயலால் மூழ்குவதில்லை. கிழிந்த ஒரு ஹோஸ் குழாயால் மூழ்குகிறது.

ஆகவே உங்கள் படகில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கும் வாய், ஷாப்ட் வெளியே போகும் இடம், சுக்கான் தண்டு இறங்கும் இடம் என ஒவ்வொன்றையும் பாருங்கள்.

தண்ணீர் எடுக்கும் இடத்தில் மூடித் திறக்கும் வால்வு இருக்க வேண்டும். அது கையால் திருப்ப முடிவதாக இருக்க வேண்டும். பல படகுகளில் வால்வு துருவேறி, திறந்தபடியே இறுகிக் கிடக்கிறது. வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை வால்வைப் படகுக்குப் போடாதீர்கள். உப்புத் தண்ணீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். இளஞ்சிவப்பு நிறமாகி, ஒரு நாள் கையோடு உடைந்து வரும். கடலுக்கு ஏற்றது வெண்கலம். ஹோஸ் குழாயைக் கிள்ளிப் பாருங்கள். வெடிப்போ மொறுமொறுப்போ இருந்தால் மாற்றுங்கள். ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப் இரண்டு போடுங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்திலேயே அதற்குப் பொருந்தும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

3. ஷாப்ட், கிளாண்ட், விசிறி

ஷாப்ட் படகைவிட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுப்பது கிளாண்ட். அதற்குள் சுற்றியிருக்கும் கயிற்றை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் வைக்கச் சிறிது தண்ணீர் தேவை. ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழுவது சரி. நின்றிருக்கும்போது சொட்டவே கூடாது, அல்லது அரிதாகச் சொட்டலாம். ஓடும்போது ஒரு சொட்டும் இல்லாமல் இறுக்கினால் கயிறு காய்ந்து, ஷாப்டையே அறுத்துப் பள்ளமாக்கிவிடும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டுக் கிளாண்டைத் தொடுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

கயிறு மாற்றும்போது பழையதன்மேல் புதியதைத் திணிக்காதீர்கள். பழையதை முழுவதும் எடுத்துவிடுங்கள். புதியதை ஒரே நீளமாகச் சுற்றாமல், ஷாப்டின் அளவுக்குத் தனித்தனி வளையங்களாக வெட்டி, ஒன்றின் இணைப்பு அடுத்ததன் இணைப்புக்கு நேராக வராதபடி போட வேண்டும். செலவு சில நூறு ரூபாய்தான். இதைச் செய்யாததால் போன படகுகளின் விலையோ லட்சங்களில்.

விசிறியைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாப்டைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். ஓர் அங்குல ஷாப்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் மாற்ற வேண்டிய நேரம். விசிறியின் ஓரம் நெளிந்திருந்தாலும் சிப்பி ஒட்டியிருந்தாலும் டீசல் வீணாகும். ஷாப்டில் மாட்டும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் புதியது போடுங்கள். அது தன்னைக் கொடுத்து ஷாப்டையும் விசிறியையும் காக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

இன்ஜினும் ஷாப்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது செய்ய வேண்டும். கரையில் இருக்கும் படகின் உருவம் வேறு, மிதக்கும் படகின் உருவம் வேறு. தரையில் சரியாகப் பொருத்தியது தண்ணீரில் விலகிவிடும். கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கும் நடுவே அளவுத் தகடு விட்டு, மேல், கீழ், இரு பக்கம் ஆகிய நான்கு இடத்திலும் பார்ப்பார்கள். 4 அங்குல கப்ளிங் என்றால் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதைப் பார்க்காமல் இன்ஜின் போட்டுக் கொடுப்பவர் வேலையை முடித்தவர் அல்ல.

இன்னொன்று, சுற்றும் ஷாப்டுக்கு மூடி போடுங்கள். கைலியோ வலையோ ஒரு நொடி சிக்கினால் கால் போய்விடும்.

4. இன்ஜினின் உடல்நலம்

புகையைப் பார்த்தே பாதி தெரிந்துகொள்ளலாம். கரும்புகை வந்தால் டீசல் முழுவதும் எரியவில்லை. காற்று வரும் வழி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம், அல்லது இன்ஜின் சுமக்க முடியாத விசிறி போட்டிருக்கலாம். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கும். சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் எரியாத டீசல் அல்லது உள்ளே கசியும் தண்ணீர். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

கடல்நீரை இழுத்துக் குளிர்விக்கும் இன்ஜினில் பம்புக்குள் ரப்பர் இம்பெல்லர் ஒன்று இருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் அதன் இதழ்கள் கிழிந்துவிடும். வருடம் ஒரு முறை மாற்றுங்கள். ஒன்றை எப்போதும் படகில் வையுங்கள். கிழிந்த இதழ்த் துண்டுகளை எண்ணிப் பொறுக்கி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அவை குழாயில் போய் அடைத்து இன்ஜினை மறுபடி சூடாக்கும். வாடைக்குப் படகை ஏற்றும்போது நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கழுவி, இம்பெல்லரைக் கழற்றி வைப்பது நல்லது.

டீசல் இன்ஜின் நடுக்கடலில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் டீசலில் கலந்த தண்ணீரும் அழுக்கும்தான். டாங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே தண்ணீரைப் பிரிக்கும் பில்டர் ஒன்று போடுங்கள். அதன் அடித் திருகைத் தினமும் திறந்து பார்க்கலாம். பெரிய இன்ஜினுக்குக் கேட்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். வாப்பா கடலிலிருந்து வந்ததும் எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓடியது, எத்தனை லிட்டர் டீசல், எப்போது ஆயில் மாற்றியது என்று எழுதட்டும். டீசல் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால், எங்கோ கோளாறு தொடங்கிவிட்டது என்று அந்த நோட்டு முதலில் சொல்லிவிடும்.

5. மின்சாரமும் பம்பும்

இறைக்கும் பம்பை மெயின் சுவிட்ச் வழியாக இணைத்திருந்தால், இரவில் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் படகு காவலில்லாமல் நிற்கிறது. தானாக ஓடும் மிதவை சுவிட்சோடு பம்பை நேரடியாக பேட்டரியில் இணையுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பம்பு ஓடினால் விளக்கோ மணியோ தெரியப்படுத்தட்டும். இல்லாவிட்டால் பம்பு இரகசியமாக இறைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தீரும்போதுதான் உங்களுக்குத் தெரியும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு தண்ணீர் வெளியே வராது; குழாய் மேலே ஏற ஏறக் குறையும். ஆகவே பம்பு இருந்தாலும் வாளி இருக்கட்டும்.

6. பெரிய இன்ஜின் உண்மையிலேயே வேண்டுமா?

தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் கனமான வல்லத்துக்கு, அதன் நீளமே ஒரு வேக எல்லையைப் போடுகிறது. தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை 'நாட்' கணக்கில் கிடைக்கும். 25 அடி என்றால் வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் போட்டாலும் படகு தன் அலையைத் தானே ஏற முயன்று, பின்பக்கம் அமிழ்ந்து, டீசலைக் குடிக்குமே தவிர வேகம் கூடாது. தட்டையான அடிப்பாகத்தோடு தண்ணீர்மேல் எழுந்து ஓடும் இலேசான படகுக்கு மட்டுமே இந்தக் கணக்கு வேறு.

டீசல் இன்ஜின், பயன்படுத்தும் ஒவ்வொரு 4 அல்லது 5 குதிரைத்திறனுக்கும் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். வேகத்துக்குத் தேவையான சக்தியோ ஏறத்தாழ வேகத்தின் முப்படியாக ஏறும். ஆகவே வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அந்தப் பயணத்துக்கான டீசலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 20 கிலோமீட்டர் தூரத்துக்கு 100 நிமிடத்துக்குப் பதில் 111 நிமிடம் ஆகும். அந்த 11 நிமிடம்தான் விலை. இது கடனில்லாமல், ஸ்பானரில்லாமல் இன்றே செய்யக்கூடிய முன்னேற்றம்.

"படகு முன்போல் இழுக்கவில்லை" என்பவர்கள் முதலில் அடிப்பாகத்தைச் சுரண்டி, விசிறியைச் சரிபார்த்து, இன்ஜெக்டரைச் சோதித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். முழு வேகத்தில், சுமையோடு, இன்ஜின் அதற்குரிய சுற்றுகளை எட்டாமல் கரும்புகை விட்டால் விசிறி அதற்குப் பெரிது. சுற்றுகள் எல்லை தாண்டி ஓடியும் படகு நகரவில்லை என்றால் விசிறி சிறிது. விசிறியை மாற்றுவதோ பட்டறையில் திருத்துவதோ இன்ஜின் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

இவ்வளவும் பார்த்த பிறகு இன்ஜின் மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். பழையதன் அளவிலும் கனத்திலும் நெருங்கியதையே தேடுங்கள். நம் கரையிலேயே உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கும் தயாரிப்பாக இருக்கட்டும். கியர் பாக்ஸும் விசிறியும் புதிய இன்ஜினுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் குதிரைத்திறனும் இருப்பதால், மாற்றியதை மீன்வளத் துறை அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ளுங்கள். மானியமும் காப்பீடும் கேட்கும் நாளில் அந்தப் பதிவைத்தான் பார்ப்பார்கள்.

உடம்பு பல இடங்களில் மந்தமாகச் சத்தம் தரும் படகுக்கு எதையும் செய்யாமல் இருப்பதே சில நேரம் நல்ல முடிவு. இன்ஜினைக் கழற்றி நல்ல உடம்புள்ள இன்னொரு படகில் வைக்கலாம். அல்லது இருவர் பங்கு சேர்ந்து தொழில் பார்க்கலாம். வாப்பா கட்டிய படகு என்ற பாசம் எங்களுக்கும் புரிகிறது. ஆனால் பாசம் தண்ணீரைத் தடுக்காது.

7. இனி டிரஸ்ட்டின் முறை

இந்த வாடை முதல், படகுக் கடன் கேட்கும் ஒவ்வொரு படகையும் ஒரு பைபர் வேலைக்காரரும் ஒரு மெக்கானிக்கும் கரையில் வந்து பார்ப்பார்கள். அவர்களுடைய கூலியை டிரஸ்ட் தரும். அவர்கள் எழுதித் தரும் வரிசைப்படியே பணம் போகும்: முதலில் உடம்பும் இன்ஜின் பெட்டும், அடுத்து வால்வு, ஹோஸ், கிளாண்ட், பம்பு, அதற்கடுத்து இன்ஜின் பழுது, இன்ஜின் மாற்றுவது கடைசியில். பணத்தைச் சாமான் கடைக்கும் பட்டறைக்கும் நேரடியாகக் கொடுப்போம். கடனை எழுதி வைக்க வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடுவோம். வட்டி இல்லை. கடலுக்குப் போக முடியாத மாதங்களில் தவணையும் இல்லை.

படகில் எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை மிதவைச் சட்டை இருந்தால்தான் கடனின் கடைசிப் பகுதி வழங்கப்படும். இதைக் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களை இன்ஜின் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பெயிண்டால் எழுதிவையுங்கள்; வீட்டிலும் எழுதிவையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன சகோதரரின் மீதித் தவணையைத் தள்ளுபடி செய்ய நிர்வாகக் குழு முடிவு செய்தது. அவர் மறுத்துவிட்டார். "வாங்கியது கடன், அதைக் கொடுத்தே தீருவேன். எனக்குச் செய்ய வேண்டும் என்றால் அடுத்தவர் படகைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்" என்றார். இந்தக் கட்டுரையும் புதிய முறையும் அவருடைய அந்த வார்த்தையிலிருந்து வந்தவை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நம் நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தது நாம் அனைவரும் அறிந்ததே. நம் கரையில் ஒட்டகம் இல்லை; வால்வும் கிளாண்டும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு பிஸ்மி சொல்லிப் புறப்படுங்கள். கடலுக்குப் போகும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் நலமாகக் கரை சேர்ப்பானாக! அவர்களுடைய ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

படகைப் பார்வையிட விரும்புவோர் வாடை தொடங்குமுன் அஸ்ருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். கடன் வேண்டாதவர்களும் கொடுக்கலாம். பார்வையிடுவதற்குக் கட்டணம் இல்லை.

வஸ்ஸலாம்.
செயலாளர்